வர்ஜினல் இசை டிஜிட்டல் பியானோவில் சப்பென்று கேட்கிறது, தனியாகக் கருவி வாங்க வேண்டுமா?

ஆயர் ஈத்தாம் வாணி:

வணக்கம். பினாங்கிலிருந்து எழுதுகிறேன். பியானோ எட்டாவது கிரேடு முடித்துவிட்டு வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சின்ன வயதில் கோயில் தேவார வகுப்பு, அப்புறம் கொஞ்ச காலம் கர்நாடக வாய்ப்பாட்டு, அதனால் சுருதி விலகினால் காது உடனே சொல்லிவிடும். பாக் வாசித்துக்கொண்டே இருந்ததில், அவருக்கு நூறு வருடம் முன்னால் இந்தக் கட்டைகளில் என்னதான் வாசித்தார்கள் என்று தேடப் போய் ஃபிட்ஸ்வில்லியம் வர்ஜினல் புக் என்ற பழைய ஆங்கில இசைத் தொகுப்பு கிடைத்தது (வர்ஜினல் என்பது கம்பியை மீட்டி ஒலிக்கும் பழைய கட்டைக் கருவி). 1899-ல் அச்சான பதிப்பு இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. கிட்டத்தட்ட முந்நூறு உருப்படிகள். வில்லியம் பேர்ட், ஜான் புல், கைல்ஸ் ஃபார்னபி, பீட்டர் ஃபிலிப்ஸ் என்று ஒரு பெரிய உலகமே அதற்குள் இருக்கிறது, இத்தனை வருடம் பியானோ படித்தும் யாரும் இந்தப் பக்கம் கைகாட்டவில்லையே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இப்போது பேர்டின் 'தி கார்மன்ஸ் விசில்' பிடித்து வாசிக்கிறேன். வண்டிக்காரன் சீட்டியடிக்கிற மெட்டு, அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக ஒன்று செய்துகொண்டே போகிறார். தாளில் பார்த்தால் அத்தனை அழகு. ஆனால் என் டிஜிட்டல் பியானோவில் இடது கை கார்டுகள் சேறு மாதிரி கலங்கிவிடுகின்றன, வலது கை ஓட்டங்கள் எக்சர்சைஸ் மாதிரி கேட்கின்றன. கிரெஷெண்டோ (ஒலியை மெல்ல மெல்ல ஏற்றுவது) போட்டுப் பார்த்தேன், பெடல் போட்டும் போடாமலும் பார்த்தேன், எதுவும் ஒட்டவில்லை.

கேட்க விரும்புவது இதுதான். இதற்கு வர்ஜினலோ, அதே வகைப் பெரிய கருவியான ஹார்ப்சிகார்டோ வாங்கினால்தான் வழியா? நான் பன்னிரண்டாவது மாடி பிளாட்டில் இருக்கிறேன், நம் ஊர் வெக்கையில் அது தாங்குமா? நோட்டுகளின் தண்டில் குறுக்கே ஒரு கோடு, சில இடத்தில் இரண்டு கோடு போட்டிருக்கிறதே, அதை எப்படி வாசிப்பது? அப்புறம் இங்கேயோ கோலாலம்பூரிலோ இந்த இசையை நேரில் வாசித்துப் பார்க்கக் கூடிய பழைய ஆர்கன் ஏதாவது உண்டா?


பிரிக்பீல்ட்ஸ் சுருதி:

வாணி அக்கா, வாங்குவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் உங்கள் பியானோவின் மெனுவில் டெம்பரமென்ட், அதாவது சுருதி அமைக்கும் முறை, என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள். மலிவான மாடல்களில் இருக்காது, நடுத்தர விலைக்கு மேலே உள்ள பலவற்றில் இருக்கும். அதில் மீன்டோன் என்பதைத் தேர்ந்தெடுத்து, பேஸ் நோட்டை சி-யில் வைத்து, ஹார்ப்சிகார்ட் குரலைப் போட்டு, டச் சென்சிடிவிட்டியை முழுதாக அணைத்துவிட்டு அதே உருப்படியை வாசியுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும் என்று தைரியமாகச் சொல்வேன்.

காரணம் உங்களுக்கு உடனே புரியும். தம்புராவில் மந்தர ஷட்ஜம் நன்றாகச் சேர்ந்து நிற்கும்போது யாரும் மீட்டாமலே ஒரு காந்தாரம் மேலே எழும்பிக் கேட்கும் இல்லையா, அந்த அந்தர காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து 386 சென்ட் (ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட்) உயரத்தில் இருக்கிறது. இன்றைய பியானோவில் அதே காந்தாரம் 400 சென்ட். 14 சென்ட் தூக்கலாக நிற்பதை நாம் பியானோவில் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம், அவ்வளவுதான். 16-ஆம் நூற்றாண்டுக்காரர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. பியெத்ரோ ஆரோன் 1523-ல் வெனிஸில் வெளியிட்ட நூலிலேயே, பஞ்சமங்களை ஒவ்வொன்றாகச் சிறிது குறுக்கிக் காந்தாரத்தைச் சுத்தமாக்கும் முறையைச் சொல்லியிருக்கிறார், அதுதான் மீன்டோன். ஒவ்வொரு பஞ்சமத்திலும் ஏறக்குறைய 5 சென்ட் விட்டுக்கொடுக்கிறோம், அதற்குப் பதிலாக எட்டு மேஜர் காந்தாரங்கள் அப்பழுக்கில்லாமல் கிடைக்கின்றன. விட்டுக்கொடுத்ததெல்லாம் சேர்ந்து ஜி ஷார்ப்புக்கும் ஈ ஃபிளாட்டுக்கும் நடுவில் குவிந்துவிடும், அந்தப் பஞ்சமம் ஊளையிடும், அதனாலேயே அதற்கு ஓநாய் என்று பெயர். அந்தக் காலத்து இசையமைப்பாளர்கள் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

இப்போது உங்கள் இடது கைச் சேறு. பேர்ட் கீழ் ஸ்தாயியிலேயே காந்தாரத்தோடு கார்டு எழுதுவார். பியானோவில் அது கலங்கத்தான் செய்யும், ஏனென்றால் தடித்த கம்பி, சுத்தியல் அடி, அதோடு தூக்கலான காந்தாரம். மெல்லிய கம்பியை மீட்டி எழுப்பும் கருவியில், காந்தாரம் சுத்தமாக இருக்கும்போது அதே கார்டு கண்ணாடி மாதிரி தெளிவாக நிற்கும். அதைவிட முக்கியம், இந்த இசையில் இழுபறியான ஸ்வரக்கூட்டு வந்து, பிறகு அவிழ்ந்து மேஜர் கார்டில் உட்காரும் இடங்கள்தான் உயிர். இன்றைய பியானோவின் சம சுருதியில் இழுபறியும் கரகரக்கும், உட்காரும் இடமும் கரகரக்கும், அப்புறம் எங்கே போய் ஓய்வது? அதுதான் உங்களுக்குச் சப்பென்று கேட்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொரு விஷயம். இந்தப் புத்தகத்தில் சில இடங்களில் இடது கைக்கு எட்டவே எட்டாத விரிப்பு வரும். அந்தக் காலக் கருவிகளில் பலவற்றில் கீழ்க்கோடி ஸ்தாயியை முழுசாக வைக்க மாட்டார்கள். ஈ போலத் தெரியும் கடைசிக் கட்டை சி ஒலிக்கும், எஃப் ஷார்ப் இடத்தில் டி, ஜி ஷார்ப் இடத்தில் ஈ. அந்த அமைப்பில் கை சாதாரணமாகவே எட்டும். உங்கள் கையில் குறை எதுவும் இல்லை, அந்த இடத்தில் கீழ் ஸ்வரத்தை முன்னால் தட்டிவிட்டு மேலே போங்கள்.

கணினி இருந்தால் பியானோடெக் மாதிரி மென்பொருளையும் பாருங்கள். ஹார்ப்சிகார்ட், கிளாவிகார்ட் (பித்தளைத் தகடு கம்பியைத் தட்டி ஒலிக்கும் சிறிய கருவி) எல்லாம் இருக்கிறது, சுருதி முறையையும் மாற்றலாம். எனக்கு மிகப் பிடித்தது கிளாவிகார்ட்தான். கட்டையை அமுக்கினால் ஸ்வரம் அசையும், நம் கமகம் மாதிரி!


பட்டர்வொர்த் கம்பிக்காரர்:

வாணிம்மா, நான் பியானோ டியூனர். இந்தக் கரையில் வீடு வீடாகப் போய் டியூன் செய்பவன், அதனால் மரமும் கம்பியும் பற்றிச் சொல்கிறேன், இசையைத் தம்பி மேலே நன்றாகச் சொல்லிவிட்டார்.

ஹார்ப்சிகார்ட், வர்ஜினல், ஸ்பினெட் எல்லாம் ஒரே குடும்பம், கம்பியை மீட்டுகிற குடும்பம். கட்டையை அமுக்கினால் அதன் மறுமுனையில் நிற்கும் ஜாக் என்கிற மெல்லிய மரச்சட்டம் மேலே எழும், அதன் தலையில் ஒரு சிறு நாக்கு, நாக்கில் செருகிய இறகுமுள் கம்பியைச் சுண்டும். கையை எடுத்தால் ஜாக் கீழே விழும், நாக்கு பின்னால் சாய்ந்து கம்பியை மறுபடி சுண்டாமல் நழுவிப் போகும், பக்கத்தில் இருக்கும் துணித்துண்டு ஒலியை அடக்கும். அந்தக் காலத்தில் அண்டங்காக்கை இறகு, இன்று பெரும்பாலும் டெல்ரின் பிளாஸ்டிக். எவ்வளவு ஓங்கி அமுக்கினாலும் முள் கம்பியை விடுகிற வேகம் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் கிரெஷெண்டோவை அங்கே தேடாதீர்கள்.

வர்ஜினலில் கம்பிகள் கட்டை வரிசைக்கு இணையாகக் குறுக்கே ஓடும், பெட்டி நீளமாக இருக்கும். ஆண்ட்வெர்ப் நகரத்து ருக்கர்ஸ் குடும்பம் செய்தவைதான் பேர் போனவை. அதில் இரண்டு வகை. கட்டைகள் இடது பக்கம் இருந்தால் முள் கம்பியின் ஓரத்தில் சுண்டும், ஒலி கூர்மையாக வரும். மியூசலர் என்கிற வகையில் கட்டைகள் வலது பக்கம் இருக்கும், கம்பியின் நடுப்பகுதிக்கு அருகே சுண்டும், ஒலி புல்லாங்குழல் மாதிரி உருண்டு வரும். ஆனால் கீழ் ஸ்தாயியில் வேகமாக வாசித்தால் தடுமாறும். 1739-ல் பிளாங்கன்பர்க் என்ற டச்சு இசைஞர் அது பன்றிக்குட்டி மாதிரி உறுமுகிறது என்று எழுதி வைத்தார். எனக்கு அந்தக் கீழ் ஒலி மிகவும் பிடிக்கும்.

ஃபார்னபியைச் சொன்னீர்கள். அவர் தொழிலால் தச்சர், மரச்சாமான் இணைக்கிற ஆள். அவருடைய உறவினர் ஒருவர் வர்ஜினலே செய்தவர். எங்கள் கூட்டத்து மனிதர் என்று எனக்கு அவர்மேல் தனிப் பாசம். சின்னச் சின்னதாக 'ஹிஸ் ரெஸ்ட்', 'ஹிஸ் ட்ரீம்' என்று எழுதியிருக்கிறார், பேர்டை விட்டுவிட்டுக் கொஞ்ச நாள் இவற்றை வாசியுங்கள்.

சரி, வெக்கை. வெக்கையைவிட ஈரம்தான் எதிரி, அதைவிடப் பெரிய எதிரி ஈரம் ஏறி இறங்குவது. இங்கே காற்றில் ஈரப்பதம் சாதாரணமாகவே 80 சதவீதம். ஹார்ப்சிகார்டின் ஒலிப்பலகை பியானோவுடையதைவிட மிக மெல்லியது, சில மில்லிமீட்டர்தான். பகலில் ஏர்கான் போட்டு இரவில் அணைத்தால் பலகை தினமும் சுருங்கி வீங்கும், சுருதி தினமும் ஓடும், சில மாதத்தில் பிசின் விடும். பழைய முறையில் விலங்குப் பிசின் போட்டு ஒட்டியதென்றால் நம் ஊரில் இன்னும் சீக்கிரம் இளகும். ஓரிடத்தில் இப்படிப் பாழாய்ப்போன ஒரு ஹார்ப்சிகார்டைப் பார்க்கக் கூப்பிட்டார்கள், சட்டகமே முறுக்கிக்கொண்டு நின்றது, பார்க்கவே மனசு கேட்கவில்லை. ஏர்கானை விட்டுவிட்டு டீஹியூமிடிஃபையரை 24 மணி நேரமும் ஒரே அளவில் ஓட விட்டால் தாங்கும். இரும்புக் கம்பி துருப்பிடிக்கும், கடல்காற்றில் இன்னும் வேகமாக. அது பெரிய விஷயமில்லை, மாற்றிக்கொள்ளலாம்.

வாங்கியே ஆக வேண்டுமென்றால் பெரிய ஹார்ப்சிகார்டை நினைக்காதீர்கள். சிறிய வர்ஜினலோ கிளாவிகார்டோ போதும், லிஃப்டில் ஏறும். 45 கட்டை, 45 கம்பி உள்ள வர்ஜினலை நீங்களே டியூன் செய்யப் பழகலாம், பழகித்தான் ஆகவேண்டும், என் மாதிரி ஆளை வாரத்துக்கு ஒருமுறை கூப்பிட்டால் வெள்ளி கரைந்துவிடும். கிளாவிகார்ட் என்றால் பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காது.


செந்தூல் ஆர்கன்:

கோலாலம்பூர் தேவாலயம் ஒன்றில் ஞாயிறுதோறும் ஆர்கன் வாசிக்கிறேன். மேலே சொன்னதெல்லாம் சரி, ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கருத்து வேறு.

சரியான கருவி கிடைத்தால்தான் இந்த இசை என்று நாம் நினைக்கிறோம், அதை எழுதியவர்கள் அப்படி நினைக்கவில்லை. ஸ்பெயினில் அந்தோனியோ தே கபெசோன், சிறு வயதிலேயே பார்வை இழந்தவர், அரசர் இரண்டாம் ஃபிலிப்புடன் ஊர் ஊராகப் போனவர். 1566-ல் இறந்தார். 1578-ல் அவர் மகன் எர்நாந்தோ அப்பாவின் இசையைத் தொகுத்து அச்சிட்டபோது, கட்டைக் கருவி, ஹார்ப், விஹுவேலா (கிதார் போன்ற ஸ்பானியக் கருவி) மூன்றுக்கும் என்று தலைப்பிலேயே போட்டார். கட்டைக் கருவி என்றால் ஆர்கனும் அதில் அடக்கம், கிளாவிகார்டும் அடக்கம். வாணி, அந்தத் தொகுப்பின் தொடக்கத்தில் புதிதாகக் கற்பவர்களுக்கென்று இரண்டு குரல் உருப்படிகள் இருக்கின்றன. உங்கள் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுக்கலாம்.

கருவியைவிட முன்னால் வர வேண்டியது இரண்டு. ஒன்று, பாட்டு. இந்த உருப்படிகளில் பெரும்பகுதி யாரோ பாடிக்கொண்டிருந்த பாட்டிலிருந்து அல்லது ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்திலிருந்து பிறந்தவை. கபெசோன், ஜோஸ்கான் போன்ற முந்தைய இசையமைப்பாளர்களின் பாடல்களை எடுத்து, குரல்களைக் கட்டையில் வைத்து, இடைவெளியெல்லாம் ஓட்டங்களால் நிரப்புவார். பேர்டுக்குத் தெருப்பாட்டு, பவான், கல்லியார்ட் என்ற ஆட்டங்கள். பவான் இரட்டை அசையில் நடக்கும், கல்லியார்ட் மூன்றில் துள்ளும், ஒவ்வொரு பகுதியையும் சொல்லிவிட்டு மறுபடி அலங்கரித்துச் சொல்வார்கள். அதனால் வாணி, 'கார்மன்ஸ் விசில்' மெட்டை முதலில் வாயால் பாடுங்கள், மூச்சு எங்கே விடுகிறீர்களோ அங்கே கையைத் தூக்குங்கள். வாய்ப்பாட்டுக்காரர் நீங்கள், இது உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஓட்டங்கள் மெட்டின் மேல் போட்ட சங்கதி. மெட்டு உள்ளே நடந்துகொண்டே இருந்தால் ஓட்டம் எக்சர்சைஸ் ஆகாது.

இரண்டாவது, விரல். கட்டைவிரலை உள்ளே நுழைத்து ஓடுகிற பியானோ விரல்முறையை விட்டுவிடுங்கள். வலது கையில் (கட்டைவிரலை 1 என்று எண்ணி) மேலே ஏறும்போது 3-4, 3-4, 3-4, இறங்கும்போது 3-2, 3-2. நடுவிரலை வலுவான இடத்தில் வையுங்கள், இங்கிலாந்துப் பழக்கம் அது. முதலில் கை முடம் ஆனது போல இருக்கும். ஆனால் இரண்டிரண்டாகச் சேர்ந்து நடக்கும் ஓர் உச்சரிப்பு தானாக வரும், அதை மனதால் நினைத்துக் கொண்டுவரவே முடியாது, விரல்தான் கொண்டுவரும். 1565-ல் தோமாஸ் தே சாந்தா மரியா என்ற ஸ்பானியத் துறவி, சம அளவில் எழுதிய ஸ்வரங்களை ஒன்றில் சற்று நின்று அடுத்ததில் விரைந்து வாசிக்கும் வகைகளைக்கூட எழுதி வைத்திருக்கிறார்.

தண்டில் குறுக்குக் கோடு அலங்காரக் குறி. அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தக் காலத்து ஆங்கிலேயர் யாரும் விளக்கி வைக்கவில்லை. இரண்டு கோட்டுக்குச் சிறு குலுக்கல், மேல் ஸ்வரத்தைத் தொட்டோ கீழ் ஸ்வரத்தைத் தொட்டோ, ஒற்றைக் கோட்டுக்குக் கீழிருந்து ஒரு வழுக்கல் என்று வாசிப்பது வழக்கம். நேரம் இல்லாத இடத்தில் விட்டுவிடுங்கள், மெட்டு நிற்கக் கூடாது.

ஆர்கன் கேட்டீர்கள். கோலாலம்பூரில் டேவான் ஃபிலார்மோனிக் பெட்ரோனாஸில் ஜெர்மனியின் கிளைஸ் நிறுவனம் செய்த பெரிய ஆர்கன், 2,977 குழாய்கள். செயின்ட் மேரீஸ் கதீட்ரலில் ஹென்றி வில்லிஸ் ஆர்கன். உங்கள் ஜார்ஜ்டவுனில் ஃபார்க்குவார் சாலை அசம்ப்ஷன் தேவாலயத்திலும் பழைய ஆர்கன் உண்டு. இவை எதுவும் மறுமலர்ச்சிக் காலத்து ஒலிக்காகச் செய்தவை அல்ல. ஆனால் எதிலானாலும் ஒரே ஒரு எட்டடிக் குழாய் வரிசையை (எழுதிய ஸ்வர உயரத்திலேயே ஒலிப்பது) மட்டும் இழுத்து வைத்துக்கொண்டு, பெடலைத் தொடாமல் வாசித்துப் பாருங்கள். பேர்ட் காலத்து இங்கிலாந்து ஆர்கன்களில் கால்கட்டை கிடையாது.

தம்பி சுருதி, கிளாவிகார்ட் அதிர்வைப் பற்றி ஒன்று. கட்டையை அசைத்து ஸ்வரத்தை நடுங்க வைப்பதைப் பற்றி விரிவாகப் பேசுகிறவர்கள் 18-ஆம் நூற்றாண்டுக்காரர்கள், பாக் மகன் இமானுவேல் 1753-ல் எழுதியது போல. கபெசோன் காலத்தில் அது ஆர்கன்காரர்கள் வீட்டில் சாதகம் செய்யும் கருவி. தேவாலயத்தில் துருத்தி ஊத ஆள் வேண்டுமே. அமுக்கம் கூடினால் சுருதி ஏறிவிடும் என்பதால் விரல் சமனாக இருந்தே தீர வேண்டும், அதனால்தான் அதில் பயிற்சி செய்தார்கள். அதில் கமகம் போட ஆரம்பித்தால் இந்த இசையின் காந்தாரச் சுத்தமே கெட்டுவிடும்.


பிரிக்பீல்ட்ஸ் சுருதி:

கபெசோனுக்கு வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன் ஐயா. ஆனால் ஒலி எழுந்த பிறகும் விரல் கம்பியோடு பேசிக்கொண்டிருக்கிறது என்கிற அந்த உணர்வு, வேறு எந்தக் கட்டைக் கருவியிலும் கிடைக்காத ஒன்று. அதற்காகவே வாணி அக்கா கிளாவிகார்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.


ஆயர் ஈத்தாம் வாணி:

எல்லோருக்கும் நன்றி. மெனுவில் மீன்டோன் இருக்கிறது! போட்டவுடன் சி மேஜர் கார்டு ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், எங்கேயும் அலை அடிக்கவில்லை, அப்படியே நின்றது. 'கார்மன்ஸ் விசில்' ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் இப்போது வந்து உட்காருகிறது. 3-4 விரல் இன்னும் கையில் ஏறவில்லை, ஆனால் மெதுவாக வாசிக்கும்போது ஐயா சொன்ன இரட்டை நடை கேட்கிறது. மெட்டைப் பாடிக்கொண்டே இடது கையை மட்டும் வாசிப்பது எனக்கு எல்லாவற்றையும்விட உதவியது.

ஒரு சந்தேகம். ஆர்வத்தில் ஜான் புல்லின் 'உத் ரே மி ஃபா சோல் லா' எடுத்தேன், ஃபிட்ஸ்வில்லியம் புத்தகத்தின் 51-ஆவது உருப்படி. கொஞ்ச தூரம் போனதும் ஓநாய் எல்லாப் பக்கமும் ஊளையிடுகிறது. நான் வைத்த செட்டிங் தவறா? அப்புறம் கம்பிக்காரர் ஐயா, கிளாவிகார்ட் பழையது கிடைத்தால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?


செந்தூல் ஆர்கன்:

செட்டிங் சரி. அந்த ஒரு உருப்படி விதிவிலக்கு. ஆறு ஸ்வர வரிசையை ஒவ்வொரு படியாக ஏற்றி ஏற்றிப் பன்னிரண்டு இடத்திலிருந்தும் தொடங்குகிறார். மீன்டோனில் ஜி ஷார்ப்பும் ஏ ஃபிளாட்டும் ஒன்றல்ல, ஏறக்குறைய 41 சென்ட் வித்தியாசம், ஒரே கட்டை இரண்டுக்கும் ஈடுகொடுக்காது. இத்தாலியில் இதற்காகவே கட்டைகளைப் பிளந்து பிளந்து அடுக்கினார்கள், 1606-ல் வீத்தோ த்ரசுந்தீனோ செய்த கருவியில் ஒரு ஸ்தாயிக்கு 31 கட்டைகள், போலோன்யாவில் இன்றும் இருக்கிறது. புல் எந்தச் சுருதியில் வாசித்தார் என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அந்த உருப்படிக்கு மட்டும் சம சுருதிக்கு மாற்றி வாசியுங்கள், முடிந்ததும் மறக்காமல் மீன்டோனுக்குத் திரும்பிவிடுங்கள்.


பட்டர்வொர்த் கம்பிக்காரர்:

கிளாவிகார்ட் வாங்கும்போது முதல் கேள்வி, கம்பி பங்கு போட்டதா இல்லையா என்பது. பழைய மாதிரியில் அடுத்தடுத்த இரண்டு மூன்று கட்டைகள் ஒரே ஜோடிக் கம்பியைப் பகிர்ந்துகொள்ளும். கட்டையின் முனையில் இருக்கும் பித்தளைத் தகடு கம்பியை எந்த இடத்தில் தட்டுகிறதோ அந்த இடம்தான் ஸ்வரத்தைத் தீர்மானிக்கும். அதனால் கம்பி குறைவு, டியூனிங் சுலபம். ஆனால் சுருதி முறையைச் செய்தவர் அந்தத் தகடுகளின் இடத்திலேயே முடிவு செய்து வைத்திருப்பார், நீங்கள் பின்னால் மாற்ற முடியாது. மீன்டோனுக்கு வைத்ததா என்று விற்பவரிடம் கட்டாயம் கேளுங்கள், தெரியாது என்றால் ஒரு சி-யும் ஈ-யும் சேர்த்து வாசித்துப் பதிவு அனுப்பச் சொல்லுங்கள்.

அப்புறம் பெட்டியைத் தரையில் வைத்து நான்கு மூலையும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா பாருங்கள், முறுக்கியிருந்தால் வேண்டாம். ஒலிப்பலகையில் சின்ன விரிசல் இருந்தால் பயப்படாதீர்கள், ஒட்டிவிடலாம். கம்பியை முறுக்கும் ஆணிகள் செருகியிருக்கும் மரப்பலகையில் விரிசல் இருந்தால் மட்டும் தொடாதீர்கள், ஆணி பிடிக்காது, சுருதி ஒரு மணி நேரம்கூட நிற்காது. அந்த இடத்தைக் கிட்டத்தில் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.